கல்லில் மலர்ந்த அன்னம்: ஓவிய மேதை இராஜா இரவிவர்மா

செந்தாமரையில் நிற்கும் திருமகளையும், மயில் அருகிருக்க வீணை மீட்டும் கலைமகளையும் உங்கள் இல்லத்துப் பூசை மாடத்தில் கண்டிருப்பீர்கள். இத்தகைய படங்கள் பலவற்றுக்கு முன்மாதிரி வகுத்தவர் இராஜா இரவிவர்மா. அரண்மனைச் சுவரை அலங்கரித்த ஓவியத்தை ஏழையின் குடிசைக்கும் கொண்டு சேர்த்த பெருமை அன்னாரைச் சாரும்.

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், இன்றைய கேரளத்திலுள்ள கிளிமானூரில் பிறந்தார். சிறு வயதில் வீட்டுச் சுவரெங்கும் கரித்துண்டால் பறவைகளையும் விலங்குகளையும் வரைவாராம். அவருடைய மாமா இராஜராஜவர்மா அவரைத் தண்டிக்கவில்லை. தாமே ஓவியம் பயிற்றுவித்து, பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார்.

எண்ணெய் வண்ணம் தீட்டும் கலை அந்நாளில் இந்நாட்டவர் சிலருக்கே தெரியும். அரண்மனை ஓவியர் அந்நுட்பத்தை இளைஞருக்குக் கற்பிக்க மறுத்தார் என்பர். 1868இல் இங்கிலாந்திலிருந்து வந்த தியடோர் ஜென்சன் என்பவரும், தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். இரவிவர்மா மனம் தளரவில்லை. பார்த்ததை நினைவில் இருத்தி, இடைவிடாது வரைந்து வரைந்து தாமே கற்றுத் தேர்ந்தார். 1873இல் வியன்னா நகரக் கண்காட்சியில் அவரது ஓவியம் பரிசு பெற்றது. 1893இல் சிக்காகோ நகருக்குச் சென்ற அவரது பத்து ஓவியங்களும் புகழ் ஈட்டின.

ஆயினும் ஓர் ஓவியம் ஒரு மாளிகைச் சுவரில்தானே தொங்க முடியும்? கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூர் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், ஓவியங்களை அச்சிட்டுப் பரப்புமாறு அவருக்கு ஆலோசனை கூறியிருந்தார். அதன்படி 1894இல் இரவிவர்மாவும் அவர்தம் தம்பியும் பம்பாயில் கல்லச்சுக் கூடம் ஒன்றை நிறுவினர்.

கல்லச்சு என்பது யாது? பனி சூழ்ந்த வடகனடாவின் இனுயிட் மக்கள் பிற்காலத்தில் கல்லைச் செதுக்கிப் பறவைப் படங்கள் அச்சிட்டு உலகப் புகழ் பெற்றனர். இரவிவர்மாவின் கூடத்திலோ கல்லைச் செதுக்குவதில்லை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவர். பின்னர்க் கல்லை நீரால் நனைப்பர். எண்ணெயும் நீரும் ஒட்டா அல்லவா? மை உருளையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தப் படம் பதியும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். இவ்வாறுதான் தமயந்தியிடம் நளன் புகழ் உரைக்கும் வெண்ணிற அன்னமும், சீதையைக் காக்கப் போரிட்டுச் சிறகிழந்த சடாயுவும் கல்லிலிருந்து தாளுக்குப் பறந்து வந்தன.

அம்முயற்சி அவருக்குச் செல்வம் தரவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது, கடன் பெருகியது. அச்சகத்தை லோனாவ்லாவுக்கு அருகில் மாற்றியும் பயனின்றி, இறுதியில் ஜெர்மானியர் ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார். 1905இல் உடன் உழைத்த தம்பி மறைந்தார். 1906 அக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மாவும் இயற்கை எய்தினார். மகாகவி பாரதியார் அவருக்கு இரங்கற்பா பாடினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அவர் பிறந்த திருவிதாங்கூரில் எல்லாச் சாதியினருக்கும் கோயிற்கதவு திறந்தது 1936ஆம் ஆண்டில்தான். அதற்குப் பல்லாண்டுகள் முன்பே, அங்குத் தடுத்து நிறுத்தப்பட்டவர் கைக்கும் எட்டும் பொருளாகத் தெய்வத் திருவுருவை அச்சுப்படம் ஆக்கியது. பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரும் லயத்து வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட படத்தை மாட்டி விளக்கேற்றி வழிபட்டனர்.

பெற்றோர்களே, சுவரில் கிறுக்கும் பிள்ளையைக் கடிந்து கொள்ளுமுன் தாளும் கோலும் தந்து பாருங்கள். மாணவர்களே, கற்பிக்க மறுத்தவர்களைக் கண்டும் கலங்காது கற்ற அவர், தம் கலையைத் தமக்கென ஒளித்து வைக்கவில்லை. நீங்களும் கற்றதைப் பிறர்க்கும் கற்பித்து வாழ்க!