வடலூர் அடிகளும் வாயிலிற் கட்டிய எருதும்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளுண்மை கூறும் நம் சித்தாந்தத்திற் பசு என்பது உயிர்த்தொகுதி முழுவதற்கும் பெயர். எறும்பு முதல் யானை ஈறாகவுள்ள யாவும் மலத்தாற் கட்டுண்டு, எடுத்த உடம்பில் வினைப்பயன் நுகர்ந்து, திருவருளை நோக்கி நடப்பனவே. இதனை ஐயந்திரிபற ஓதிய நம்மனோர், தம் வாயிலிற் கட்டிய எருதினிடத்தும் இவ்வுண்மையைக் கண்டு ஒழுகுகின்றனரோ எனின், விடை கூறுதல் எளிதன்று. அங்ஙனம் ஒழுகுமாறு வற்புறுத்திய இராமலிங்க அடிகளின் வரலாற்றை அப்பகுதி பற்றியே ஈண்டு உரைப்பாம்.

அடிகள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகவாய்த் தோன்றினார். தந்தையார் விரைவில் மறையக் குடும்பம் பின்னர்ச் சென்னையை அடைந்தது. தமையனார் சபாபதி பிள்ளை புராண விரிவுரை செய்து குடும்பத்தைப் புரந்தார். கந்தகோட்டத்து வழிபாடும் திருவொற்றியூர்ப் பத்தியும் அன்பர் பலரும் அறிந்தனவாதலின் விடுக்கின்றாம்.

நாம் நின்று நோக்கற்பாலது 1854-இல் வெளிவந்த மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூல். திருவாரூரில் அரசிளங்குமரனது தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று மடிய, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்ட வரலாறு அது. சேக்கிழார் பெருமான் திருநகரச் சிறப்பில் அமைத்ததனையே அடிகள் வசனமாக விரித்தார். மன்னன் தான் செய்த பாவம் யாதோ என்று ஒன்றன்பின் ஒன்றாக நினைந்து புலம்பும் பகுதி, படிப்போர் ஒவ்வொருவரையும் தத்தம் மனைக்குள்ளே திரும்பிப் பார்க்கச் செய்வது. இக்கதையை அரசநீதியின் சிறப்பாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வாய்பேசாத ஒரு தாயின் முறையீடு அரசவையில் முறையீடாகவே ஏற்கப்பட்டது என்பதனை நினைப்பார் சிலரே.

1858-இல் அடிகள் சென்னையை நீத்துத் தில்லை வழிபட்டுக் கருங்குழியில் உறைந்தார். 1865-இற் சங்கம் நிறுவினார். பார்வதிபுரத்தார் ஏறத்தாழ 80 காணி நிலத்தை உவந்தளிக்க, 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் தருமச்சாலை தொடங்கியது. இன்று நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அணித்தாயுள்ள ஊர் அது. அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்பட்டு வருகின்றது.

அடிகள் இயற்றிய சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநூல், உயிர்கட்கு வரும் இடர்களுட் பசியையும் கொலையையும் பிரித்தெடுத்து, அவ்விரண்டையும் நீக்குதலையே மேலான இரக்கமாக வைக்கின்றது. பசியால் வாடுவோனுக்கு மற்றோர் உயிரைக் கொன்று ஊட்டுதலும் இரக்கமாகாது என்கின்றது. மரஞ்செடிகட்கும் உயிருண்டே என்று வாதிப்பார்க்கு, வித்து, காய், கனி, தழை முதலியன கொள்வது நகமும் மயிரும் களைவது போல்வது என்று விடையிறுக்கின்றது. இவையெல்லாம் பலரும் எடுத்துரைப்பனவே. பலரும் விரைந்து கடந்துபோவது வேறோரிடம். மாந்தர் தம் வாழ்க்கைக்குத் துணையாகப் பிணைத்துக்கொண்ட பசு, எருது, எருமை, ஆடு, குதிரை முதலியவற்றின் பசியைத் தம் ஆற்றலுக்கேற்பப் போக்குதல் அவரவர் கடன் என்று ஆங்கு விதிக்கப்பட்டுள்ளது. காட்டுயிர்க்கு உணவு திருவருள் நியதியிற் கிட்டும். நாம் கயிற்றாற் பிணித்ததற்கோ அந்நியதியைச் சாக்காகக் காட்ட இயலுமா?

புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் வள்ளுவனார் துறவறவியலில் வைத்தார். திருமூலர் பசுவுக்கு ஒரு வாயளவு ஈதலை யாவர்க்கும் இயலும் அறமாக்கினார். அடிகள் இவ்விரண்டையும் இல்லறத்தான் தொழுவத்துக்கே கொணர்ந்தார் என்பது எமது துணிபு. சைவம் என்னும் சொல் உலக வழக்கிற் புலாலில்லா உணவுக்கே பெயராயிற்று. அப்பெயரைச் சுமந்து நாம் மகிழ்கின்றோம். ஆயின், நேர்ந்துவிட்ட ஆக்கள் விலாவெலும்பு தோன்ற வைக்கோலின்றி நின்ற கோயிற் கொட்டில் ஒன்றை யாம் கண்டதுண்டு. அன்று அக்கோயிலில் அடியார்க்கு வடை பாயசத்துடன் விருந்து நடந்தது. யாமும் உண்டே வந்தோம். அது நினைவில் உறுத்துகின்றது.

பயிர் வாடியது கண்டு அடிகள் தாமும் வாடிய செய்தியை அறியாத தமிழர் இலர். அச்செய்தியுள்ள பிள்ளைப்பெரு விண்ணப்பத்திலேயே, சிறுதெய்வங்களின் பெயரால் ஆடு, பன்றி, கோழி, கடா ஆகியவற்றைப் பலிக்குக் கொண்டுபோகக் கண்டு நெஞ்சம் நடுங்கியதனையும், வலை, தூண்டில், கண்ணி ஆகியவற்றைக் கண்ட பொழுதெல்லாம் அஞ்சியதனையும் இறைவனிடம் முறையிடுகின்றார். தமிழ்நாட்டில் உயிர்ப்பலித் தடைச்சட்டம் 1950-இல் இயற்றப்பட்டு 2004-இல் நீக்கப்பட்டது.

கண்ணப்பர் ஊன் படைத்தாரே என்று வினவுவாரும் உளர். பெருமான் கொண்டது அன்பையன்றி ஊனையன்று என்பது நம் ஆன்றோர் கண்ட முடிபு.

அடிகள் பாடல்களை அருட்பா எனல் தகாதென்று 1869-இல் ஆறுமுக நாவலர் எழுப்பிய மறுப்பும், அது வழக்குமன்றம் ஏறியதும் நம் மடங்களில் இன்னும் ஆறாத புண். இருதிறத்தார்க்கும் நாம் நினைவூட்ட விழைவது ஒன்றுண்டு. நாவலர் பெருமான் சிறுவர்க்கென எழுதிய பாலபாடத்திற் கொலையையும் புலாலுண்ணலையும் தனித்தனியே எடுத்துக் கடிந்தார். அருட்பாவிற் பகைத்த இருவரும் ஆட்டின் கழுத்தருகே ஒருங்கு நின்றனர்.

அடிகள் 1870-இல் மேட்டுக்குப்பம் சென்றுறைந்தார். வடலூரில் எழுந்த சத்திய ஞானசபையில் 1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நிகழ்ந்தது. 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்து அறையுட் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். பின் எவரும் காணவில்லை.

கொலையும் புலையும் தவிர்ந்தோரே ஞானசபையினுள் புகலாம் என்பது விதி. தருமச்சாலையிலோ பசித்து வந்தவன் கொல்வோனா, தின்போனா என்று எவரும் கேட்பதில்லை, இலை போடுகின்றனர்.