எரிமலைத் தீவுகளைப் பார்த்துவிட்டு நம் கரைக்கு வந்த ஓவியர்

மாமல்லபுரத்துக்கு எக்ஸ்கர்ஷன் போகாத பழைய மாணவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பாறைச் சிற்பங்களை வரைந்து அச்சுப் படங்களாக உலகத்துக்குக் காட்டியவர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும். அவர்கள் நம் பக்கம் வந்தது 1790-களில். அதற்கு ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் முன்பே ஒருவர் சென்னை வரை வந்துவிட்டுத் தெற்கே வர முடியாமல் திரும்பினார். அவர்தான் வில்லியம் ஹாட்ஜஸ்.

லண்டனில் 1744-ல் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். 1772-ல் கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் கப்பல் ஓவியராகச் சேர்ந்தார். மூன்று வருஷம் சுற்றினார். எரிமலையால் உருவான தாஹித்தியின் செங்குத்து மலைகள், ஈஸ்டர் தீவின் பெரிய கற்சிலைகள் எல்லாவற்றையும் வரைந்தார். 1774 ஆகஸ்டில் டான்னா தீவில் கப்பல் நின்றபோது அங்கே எரிமலை குமுறிக்கொண்டிருந்தது. இவர் வரைந்த படங்கள் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு, 1777-ல் குக்கின் பயண நூலில் வெளிவந்தன. அந்தத் தீவுகளை ஐரோப்பா பார்த்தது இவர் கண் வழியாகத்தான்.

அப்பேர்ப்பட்டவர் 1780-ல் சென்னையில் இறங்கினார். அதே ஜூலையில் ஹைதர் அலியின் படை கர்நாடகத்தில் புகுந்தது. கிராமங்கள் எரிந்தன. குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் சென்னைக்கு ஓடி வந்ததை அவர் நேரில் பார்த்தார். செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்ரோவின் படை நம்ம செங்கல்பட்டு வழியாகத்தான் பின்வாங்கியது. அப்புறம் எங்கே வெளியூர் போய்ப் படம் வரைவது? சென்னையைச் சுற்றியே கிடந்துவிட்டு, 1781-ல் வங்காளம் போய்விட்டார்.

அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவு கிடைத்தது. வட இந்தியாவில் வரைந்த காட்சிகளில் 48-ஐத் தன் கையாலேயே தகட்டில் அமிலத்தால் அரித்து, 1785 முதல் 1788 வரை அச்சிட்டார். 1787-ல் ராயல் அகாடமி உறுப்பினரானார்.

ஆனால் யுத்தம் அவர் மனசை விட்டுப் போகவில்லை போலும். 1794-ல், ஒரே ஊர் சமாதானத்தில் எப்படி இருக்கும், யுத்தத்தில் எப்படி ஆகும் என்று இரண்டு பெரிய ஓவியங்கள் வரைந்து லண்டனில் காட்சிக்கு வைத்தார். இங்கிலாந்து பிரான்சோடு போரிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அரசரின் மகனான யார்க் கோமகன் வந்து பார்த்துவிட்டு ஆட்சேபித்தார். 1795-ல் காட்சியை மூட வேண்டியதாயிற்று. மனுஷன் தூரிகையையே கீழே வைத்துவிட்டு, டார்ட்மவுத்தில் பேங்க் தொழிலில் இறங்கினார். அதுவும் முழுகியது. 1797 மார்ச்சில் காலமானார்.

மாமல்லபுரம் அவர் கையால் படமாகவில்லை. ஆனால் அடையாற்றின் குறுக்கே 1726-ல் கட்டிய மார்மலாங் பாலத்தை அவர் வரைந்திருக்கிறார். இன்று அந்த இடத்தில் இருப்பது சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம். செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறுகிற நாம் அதைக் கடக்கும்போது, இந்த மனிதரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாமே!