உணவுக்குக் கணக்கெழுதிய குமரப்பா

காந்தியடிகளைச் சூழ்ந்து நின்ற பெரியோருள் தமிழகம் ஈந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா ஆவர். அவரைத் தேசபக்தர் என்று போற்றுவார் பலர். ஏழை ஒருவன் உண்ணும் சோறு அவனுக்கு எவ்விலையில் வந்து எய்துகின்றது, அவ்விலையை மெய்யாகக் கொடுப்பவர் யாவர் என்று வாழ்நாளெல்லாம் கணக்கிட்டவர் அவர் என்பதை அறிந்தார் சிலரே. அப்பகுதியையே ஈண்டு விரித்துரைக்கப் புகுகின்றேன்.

1892-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி தஞ்சையில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இளமைப் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். சென்னை டவ்டன் கல்லூரியிற் பயின்று, இலண்டன் சென்று கணக்காய்வாளராகி, பம்பாயில் அத்தொழிலை நடத்திவந்தார். 1927-இல் அமெரிக்கா சென்று சிரக்யூஸ், கொலம்பியா என்னும் இரு சர்வகலாசாலைகளிற் கற்றார். கொலம்பியாவில் அவர் ஆராய்ந்த பொருள், அரசாங்கத்தின் வரவு செலவுக்கும் இந்தியரின் வறுமைக்கும் உள்ள தொடர்பு. வணிகர் கணக்கைத் தணிக்கை செய்துவந்தவர் ஓர் ஏகாதிபத்தியத்தின் கணக்கையே தணிக்கை செய்யத் துணிந்தார் எனலாம். அவ்வாராய்ச்சியைக் கையிற்கொண்டு 1929-இல் சபர்மதியிற் காந்தியடிகளைக் கண்டார். அதன்பின் மேனாட்டு உடையும் கொர்னேலியஸ் என்னும் பெயரும் அவரை விட்டகன்றன. குடும்பத்தின் பழம்பெயராகிய குமரப்பா நிலைத்தது.

1934 ஜனவரியிற் பீகார் நாட்டைப் பூகம்பம் பாழ்படுத்தியபோது நிவாரண நிதியின் கணக்கு இவர் கையில் ஒப்புவிக்கப்பெற்றது. தொண்டர் ஒருவரின் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்றணாவுக்கு மேல் இல்லை என்று விதித்தார். காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு வந்தபொழுது, அவர்தம் உணவுச் செலவை அந்நிதியில் எழுத இயலாதென்று மறுத்துவிட்டார் என்பர். மகாத்மாவிடமே சோற்றுக்கணக்குப் பார்த்தவர் வேறு எவரேனும் உளரோ!

அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றிற்று. குமரப்பா அதன் காரியதரிசியாகி வார்தாவில் மகன்வாடி என்னும் இடத்தில் அமர்ந்தார். அரிசியைப்பற்றி அங்கு அவர் செய்த வாதம் தமிழராகிய நாம் ஊன்றி நோக்கத்தக்கது. உமி மாத்திரம் நீங்கிய அரிசியில் தவிடும் முளையும் தங்கும். ஆலையில் தீட்டத் தீட்ட வெண்மை மிகும். சத்து தவிட்டோடு போய்விடும். குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், இந்தியாவின் பல பகுதியார் உண்ணும் உணவை எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை செழிப்புற்றன. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை மெலிந்தன. நமக்குச் சிறிது நாணந்தரும் சோதனைதான்.

சத்தற்ற அரிசி ஏன் பரவிற்று? தவிட்டில் எண்ணெய் உண்டு. ஆதலின் தீட்டாத அரிசி விரைவிற் சிக்குநாற்றங் கொள்ளும், பூச்சியும் விழும். வெள்ளரிசியோ மாதக்கணக்கில் மூட்டையிற் கிடக்கும், தொலைதூரம் செல்லும். உண்பவன் உடலுக்கு ஒவ்வாதது வணிகனின் கிடங்குக்கு ஒத்தது. குமரப்பா கண்ட வழி எளியது. விளைந்த ஊரிலேயே நெல்லைக் குற்றி, பழமைப்படுமுன் உண்ணல் வேண்டும். குற்றுகூலி ஊர்ப்பெண்டிர் கைக்கு வரும். தவிடு மாட்டுக்கும் சாணம் வயலுக்கும் போகும். செக்கெண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் இதுவே நியாயம். சர்க்கரைக்கோ, நல்ல நிலத்தைக் கரும்புக்குக் கொடாமல், தரிசில் தானே நிற்கும் பனையை நாடலாம் என்றார். ஆலைப்பொருள் மலிவு என்பதெல்லாம் செலவின் ஒரு பாதியை ஏட்டில் எழுதாமல் விட்டதனால் வந்த மலிவு என்பது அவர் துணிபு.

இக்கருத்துக்களை ஜபல்பூர்ச் சிறையிலிருந்து ஒரு நூலாக்கினார்; நிலைத்த பொருளாதாரம் பற்றிய அந்நூல் 1945-இல் வெளிவந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். காடும் பயிரும் ஓடிவரும் ஊற்று. ஊற்றையே நம்பி வாழும் குடி நிலைக்கும் என்று அதில் நிறுவினார். ஒரு லட்சம் மக்கள் வாழும் வட்டாரத்தைக் கொண்டு, ஆளொன்றுக்கு நாள்தோறும் 2860 கலோரி கிடைக்குமாறு தானியம், பருப்பு, காய், கனி முதலியவற்றுக்கு நிலத்தைப் பங்கிட்டுக் காட்டினார். உண்பவர் தேவைக்கு விதைத்த பின்னரே சந்தைக்கு விதைக்கலாம்.

இங்கு எனக்கு ஓர் ஐயம் எழுகின்றது. 1941-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே சென்னை மக்கள் 7 லட்சத்துக்கு மேற்பட்டனர். வயலற்ற பட்டணத்தாரை எந்த வட்டாரத்திற் சேர்ப்பது? கிராமத்துக்கு நுணுக்கமாய்க் கணக்கெழுதிய பெரியார் நகரத்துக்கு அத்துணை நுணுக்கம் காட்டினாரல்லர் என்றே தோன்றுகின்றது.

காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-இல் அறிக்கை தந்தார். இறுதி ஆண்டுகளை மதுரைச் சீமையில் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்திற் கழித்தார். மணஞ்செய்து கொண்டாரல்லர். காந்தியடிகள் உயிர்நீத்த அதே ஜனவரி 30-ந் தேதியில், 1960-ஆம் ஆண்டு, தமது அறுபத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில் இயற்கை அங்காடிகள் பல உள. கைக்குத்தலரிசியும் செக்கெண்ணெயும் பனைவெல்லமும் அங்கே கிடைக்கும். குமரப்பா ஏழைக்கென்று வாதாடிய பண்டங்கள் அவை. வாங்குவோரோ பெரும்பாலும் வசதியுடையார். நெடுந்தூர வண்டிச்சத்தமும், சிறு சிறு அளவாய் வாங்கும் செலவும், பட்டணத்துக் கடை வாடகையும் விலையில் ஏறிவிடுகின்றன. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி இலவசமாய்க் கிடைப்பது பெரும்பேறே. பசியின் கொடுமையை அது தணித்தது. ஆயின் அது தீட்டிய அரிசி. அண்மைய ஆண்டுகளில் அதனோடு இரும்புச்சத்து முதலியன சேர்க்கின்றனர். தவிட்டோடு சத்தை நீக்கிப் பின்னர் வேறு சத்தை விலைகொடுத்துச் சேர்க்கும் இவ்விந்தையைக் குமரப்பா எந்தப் பத்தியில் எழுதியிருப்பாரோ! அடையாற்றில் ‘ஆர்கானிக் ஃபார்மர்ஸ் மார்க்கெட்’ என்னும் பெயரால் தன்னார்வலர் சிலர் கூடி, இலாபத்தைக் குறைத்து, உழவரிடமிருந்து நேரே கொணர்ந்து விற்க முயன்றனர். நல்ல முயற்சி. எனினும் அவ்வரிசி நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவள் பைக்கு இன்னும் வந்து சேரவில்லை.