எஃகுச் சக்கரவர்த்தியின் இரண்டு கைகள்



எஃகு என்றாலே நமக்கு ஒர்க்‌ஷாப்பும் அரமும் உள்ளங்கைக் கொப்புளமும்தான் ஞாபகம் வரும். அதே எஃகால் உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர் ஆண்ட்ரூ கார்னகி. செல்வம் கொழித்த அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வு எப்படி வளர்ந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையே ஒரு பாடம்.

1835-ல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் ஊரில் பிறந்தார். அப்பா கைத்தறி நெசவாளி. நீராவித் தறி வந்தது, அப்பாவின் தறி ஓய்ந்தது. வீட்டில் வறுமை! 1848-ல் கடன் வாங்கிக் கப்பலேறி அமெரிக்கா போனது குடும்பம். பஞ்சு மில்லில் பாபின் மாற்றும் பையனாகச் சேர்ந்தார். கூலி வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட். பிறகு தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. படிக்க ஆசை, புத்தகம் வாங்கக் காசில்லை. ஆண்டர்சன் என்ற பெரியவர் சனிக்கிழமைதோறும் தன் புத்தகங்களை வேலைக்குப் போகும் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்தார். அங்கேதான் அவருக்கு அறிவுக் கண் திறந்தது.

உழைத்தார், உயர்ந்தார். 1859-ல் ரயில்வேயில் பிட்ஸ்பர்க் பிரிவுக்கு சூப்பரின்டெண்டன்ட். கையில் சேர்ந்த பணத்தை ஷேர்களில் போட்டுப் பெருக்கினார். 1875-ல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் பிராடாக்கில் அவருடைய எஃகு ஆலை ஓட ஆரம்பித்தது. உருகிய இரும்புக்குள் காற்றைச் செலுத்தி வேண்டாத கரியை எரிக்கும் பெஸ்ஸிமர் முறை, நாம் பரீட்சைக்குப் படித்ததுதான். எஃகு மலிந்தது, தண்டவாளங்கள் நீண்டன. அந்த லாபம் எல்லார் வீட்டுக்கும் போச்சா? அதுதான் இல்லை!

ஆலையில் நாளைக்கு 12 மணி நேர வேலை. பலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. முதலாளிகளுக்கோ அன்று மத்திய அரசின் வருமான வரிகூட இல்லை. தொழிலாளிக்குச் சங்கம் சேர உரிமை உண்டு என்று 1886-ல் கட்டுரை எழுதியவர் கார்னகி. ஆனால் 1892-ல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் நடந்தது என்ன? கூலியைக் குறைக்க முயன்றார் நிர்வாகி ஃபிரிக். சங்கம் மறுத்தது. ஆலையைப் பூட்டினார்கள். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். அவருடைய ஆதரவு ஃபிரிக்குக்கு இருந்தது. ஜூலை 6 விடியற்காலையில் சுமார் 300 கூலிக் காவலர்கள் ஆற்று வழியாகப் படகில் வந்து இறங்கினார்கள். துப்பாக்கிச் சண்டை! இரு பக்கமும் உயிர்கள் போயின. மாநிலப் படை வந்தது, சங்கம் உடைந்தது.

1901-ல் கம்பெனியை 48 கோடி டாலருக்கு விற்றார். பிறகு வாரி வாரி வழங்கினார். 1919-ல் கண் மூடும்வரை கொடுத்தது சுமார் 35 கோடி டாலர். அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,500-க்கு மேல். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்காக 1900-ல் பிட்ஸ்பர்க்கில் அவர் நிறுவிய தொழில்நுட்பப் பள்ளிதான் இன்றைய கார்னகி மெலன் பல்கலைக்கழகம்.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நூலகத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கொடையைக் குறைத்துப் பேச மனசு வரலை. ஆனாலும் ஒரு கேள்வி விடமாட்டேங்குது. 12 மணி நேரம் உலைக்கு முன்னால் வெந்தவன் எந்த நேரத்தில் நூலகம் போவான்? இடது கையால் கூலியைக் குறைத்துவிட்டு வலது கையால் தானம் கொடுத்தால் கணக்கு நேராகுமா?

அமெரிக்காவில் 1913-ல் வருமான வரிக்கு அரசியல் சட்டம் வழி திறந்தது. 1923-ல் எஃகு ஆலைகளில் 8 மணி நேர வேலை வந்தது. 1935-ல் சங்க உரிமைக்குச் சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இடைவெளி குறைந்தே இருந்தது. 1980-க்குப் பிறகு அது மறுபடி விரிந்து, இன்று அந்நாட்டுச் செல்வத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருக்கிறது. ஆக, இடைவெளியைக் குறைத்தது தானம் மட்டுமல்ல, சட்டமும் சங்கமும்தான்!

தோழர்களே! நாளை நம்மில் ஒருவன் சூப்பர்வைசர் ஆவான், ஒருவன் பட்டறை முதலாளியாகவும் ஆவான். கார்னகியிடம் உழைப்பைக் கற்போம், கொடுக்கும் மனசையும் கற்போம். ஆனால் கொடுக்க வேண்டியதைச் சம்பள நாளிலேயே கொடுப்போம்!

— இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்