கண்டிக் கைவினைஞருக்காகப் பேசிய தமிழர்: ஆனந்த குமாரசுவாமி

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானதும், அரண்மனையை நம்பியிருந்த ஓவியர், பொற்கொல்லர், நெசவாளர் ஆதரவிழந்தனர். இறக்குமதிப் பொருட்கள் வந்து குவிய, தலைமுறைத் தொழில்கள் ஒவ்வொன்றாக நலிந்தன.

அதை அநீதியாகக் கண்டு பதிவுசெய்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். இங்கிலாந்தில் வளர்ந்து, கனிமவள ஆய்வுத் துறையின் முதற் பணிப்பாளராக இலங்கை திரும்பினார். கல்லைத் தேடிக் கிராமங்களுக்குப் போனவரின் கண் கைவினைஞரிடம் நிலைத்தது.

பழைய கட்டடங்களைக் காக்குமாறு 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர் எழுத, மனைவி எதெல் படம்பிடிக்க, கண்டியக் கலைகளை ஆவணப்படுத்திய 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொரிஸின் பழைய அச்சியந்திரத்தில் 425 பிரதிகளே அச்சாகின. குடியேற்ற ஆட்சி எதை அழியவிட்டது என்பதற்கு அதன் படங்களே சாட்சி.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையில் சேர மறுத்தார். 1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் இணைந்தார். 1947இல் அமெரிக்காவிலேயே காலமானார்.

அயல் சமூகத்தின் கலையைத் தன்னுடையதாக எண்ணிக் காத்தார் அவர். 1981இல் யாழ். நூலகத்தை நெருப்பிடம் இழந்த நமக்கு, எஞ்சியதை வரைந்தும் படம்பிடித்தும் வைப்பதன் பெறுமதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.