காற்றைச் சக்கரத்தில் கட்டியவர்

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரின் உட்தெருக்களிலும் அடையாற்றின் மரநிழல்களிலும் மிதிவண்டி பழுதுபார்ப்போரை இன்றும் காணலாம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன், காற்றடிக்கும் பம்பு. கடை என்பது அவ்வளவே. காற்று நிரப்பிய டியூபைத் தண்ணீரில் அமிழ்த்துவார். குமிழி எழும் இடத்தில் ஓட்டை இருக்கும். சற்று நேரத்தில் மாணவர் பள்ளிக்குப் புறப்பட்டுவிடுவார். தொடக்கத்தில் இவ்வெளிமை இல்லை. காற்றடைத்த டயரை உலகுக்குப் பழக்கிய ஜான் பாய்டு டன்லப்பின் முதல் டயரில் ஒரு முள் தைத்தால், அதனைச் சரிசெய்வது பெரும்பாடாக இருந்தது.

டன்லப் 1840 பிப்ரவரி 5-இல் ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். கால்நடை மருத்துவம் பயின்று, 1867-இல் அயர்லாந்தில் குடியேறி, பெல்ஃபாஸ்ட் நகரில் பெயர்பெற்ற மருத்துவரானார். அவர் பொறியியல் பயின்றவரல்லர். வண்டித் தொழிலும் அறியாதவர். அவரைச் சக்கரத்தின் பக்கம் திருப்பியது மகன் ஜானியின் மூன்று சக்கர மிதிவண்டி. அக்காலத்தில் மிதிவண்டிச் சக்கரங்களில் கெட்டி ரப்பரே பூட்டப்பட்டது. கல் பாவிய தெருக்களில் ஒவ்வொரு கல்லின் அதிர்வும் சிறுவனின் உடலில் இறங்கியது.

1887-இல் டன்லப் தம் வீட்டு முற்றத்தில் ஓர் ஆய்வு செய்தார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, காற்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் நிரப்பி, ஒரு மரவட்டின் விளிம்பில் வைத்துத் துணியால் இறுகப் பொதிந்தார். பின்னர் அம்மரவட்டையும் மகனது வண்டியின் முன்சக்கரத்தையும் தனித்தனியே உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் முற்றத்தைக் கடக்குமுன் ஓய்ந்து சாய்ந்தது. மரவட்டோ மறுமுனைவரை உருண்டோடி, வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பியது. கெட்டிச் சக்கரம் ஒரு சிறுகல்லைக் கடக்க வேண்டுமாயின் வண்டி முழுவதும் அக்கல்லின் உயரத்திற்கு எழும்பியாக வேண்டும். காற்றடைத்த டயரோ கல் பட்ட இடத்தில் மட்டும் குழிந்து, கல்லைக் கடந்ததும் பழைய வடிவை அடைகிறது. சுமையைத் தாங்குவது ரப்பரன்று, உள்ளிருக்கும் காற்றே. 1888 பிப்ரவரி 28 இரவில், பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்று டயர் பூட்டிய வண்டியில் ஜானி உலா வந்தான். அவ்வாண்டு டிசம்பர் 7-இல் காப்புரிமையும் கிடைத்தது.

1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் நடந்த மிதிவண்டிப் போட்டிகளில் வில்லியம் ஹியூம் என்னும் வீரர் பருத்த இப்புதிய டயர்களுடன் களமிறங்கி வென்றார். இவ்வெற்றி டப்ளின் வணிகர் ஹார்வி டு குரோவின் கருத்தை ஈர்த்தது. அவர் தலைமையில் நிறுவனம் உருவாயிற்று. ஆனால், காப்புரிமை நிலைக்கவில்லை. இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே காற்றுச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அந்நாளில் குதிரை வண்டிகளே ஓடின. மிதிவண்டி பரவுமுன்பே பிறந்துவிட்ட அக்கண்டுபிடிப்பு மறக்கப்பட்டது. அவ்வாறு ஒன்று இருந்ததை டன்லப் அறியார். டன்லப்பை முதற் கண்டுபிடிப்பாளர் என எழுதுவது சரியன்று. அதனால் அவர் உழைப்பு சிறுத்துவிடவும் இல்லை.

காப்புரிமை இழந்த நிறுவனத்தைக் காத்தது பஞ்சர் ஒட்டும் எளிமையே எனலாம். டன்லப்பின் டயர் சக்கரத்தோடு துணி சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. டியூபைத் தொடுவதற்கே முழுவதையும் பிரிக்க வேண்டும். 1890-இல் வெல்ச், பார்ட்லெட் என்னும் இருவர் தனித்தனியே கழற்றி மாட்டத்தக்க டயர்களை உருவாக்கினர். வெல்ச்சின் டயர் விளிம்பில் கம்பி வளையம் இருந்தது. நிறுவனம் இவ்விரு உரிமைகளையும் வாங்கியது. நெம்புகோலால் டயரின் ஓரத்தை விலக்கி டியூபை வெளியே எடுக்கும் நம் தெருவோரக் காட்சி அங்கே தொடங்குகிறது.

அடுத்த ஆண்டு உட்ஸ் என்னும் ஆங்கிலேயர் புதிய வால்வு ஒன்றை அமைத்தார். நம் ஊர் மிதிவண்டிகளில் வால்டியூப் எனப்படும் சிறு ரப்பர் உறை பொருந்தியிருப்பது இவ்வால்வில்தான். பம்பிலிருந்து வரும் காற்று உறையைத் தள்ளி உள்ளே நுழையும். உள்ளிருக்கும் காற்று அவ்வுறையை அழுத்தி வழியை அடைக்கும். உறை நைந்தால் ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கும். எனவே, டியூபைக் கழற்றுமுன் வால்வின் வாயில் ஒரு துளி நீரிட்டுப் பார்ப்பதே அறிவுடைமை. பல நாடுகளில் இதனை டன்லப் வால்வு என்றே அழைக்கின்றனர் என்பது விந்தை.

காற்றே சுமை தாங்குகிறது என்னும் உண்மையை மறந்தால் பஞ்சர் வரும். காற்றுக் குறைந்த டயர் சாலைப் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, டியூப் கல்லுக்கும் இரும்பு விளிம்புக்கும் இடையே நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். அங்கே ஆணியைத் தேடிப் பயனில்லை. டயரில் குத்தும் கண்ணாடிச் சில்லும் பல நேரங்களில் உடனே டியூபை எட்டுவதில்லை. மேலுறையில் தங்கி, ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது சிறிதாக உள்ளேறும். வாரம் ஒருமுறை டயரைச் சுற்றிப் பார்த்து அதனை எடுத்துவிட்டால் போதும். ஒட்டிய டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்காதவர், அதே முள்ளுக்கு இருமுறை கூலி கொடுப்பார். ஆரக்கம்பிகளின் முனைகளை மறைக்கும் நாடா விலகியிருக்கிறதா என்பதையும் அப்போதே காணலாம்.

டன்லப் 1895-இல் நிறுவனத்திலிருந்து விலகினார். மறு ஆண்டே அது முப்பது இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. அப்பெருஞ்செல்வத்தில் அவருக்குப் பங்கு மிகக் குறைவு. பின்னாளில் அந்நிறுவனம் நம் அம்பத்தூரிலும் ஆலை அமைத்தது. தமிழகத்தில் பலர் அவர் பெயரை டயரைவிட மெத்தையின் பெயராகவே அறிந்திருந்தனர். டப்ளினில் துணி வணிகம் ஒன்றில் ஈடுபட்டு அமைதியாக வாழ்ந்த டன்லப், 1921 அக்டோபர் 23-இல் தம் எண்பத்தொன்றாம் வயதில் அந்நகரிலேயே மறைந்தார்.