ஆண் பெயரில் கணக்குப் போட்ட பெண்! யார் இந்த சோஃபி ஜெர்மேன்?

பொண்ணுக்கு எதுக்கு கணக்கு? சுமார் 230 வருடங்களுக்கு முன்பு பாரீஸில் ஒரு வசதியான வீட்டிலும் இதே பேச்சுதான். அந்த வீட்டுப் பெண் சோஃபி ஜெர்மேன். பிறந்தது 1776.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது அவருக்கு வயது 13. வெளியே போக முடியாது. அப்பாவின் நூலகத்தில் ஆர்க்கிமிடீஸ் கதையைப் படித்தவர், கணிதத்தைப் பிடித்துக்கொண்டார். ராத்திரி படிக்கக் கூடாது என்று பெற்றோர் விளக்கையும் கதகதப்பான உடைகளையும் எடுத்துவிடுவார்களாம். இவரோ ஒளித்து வைத்த மெழுகுவர்த்தியோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தாராம். கடைசியில் பெற்றோரே விட்டுவிட்டார்கள்.

யார் அந்த லெப்லாங்க்?

1794-ல் பாரீஸில் எகோல் பாலிடெக்னிக் கல்லூரி தொடங்கியது. பெண்களுக்கு அனுமதி இல்லை. சோஃபி பாடக்குறிப்புகளை மட்டும் வாங்கிப் படித்து, லெப்லாங்க் என்ற மாணவரின் பெயரில் கட்டுரை எழுதி அனுப்பினார். அசந்துபோன பேராசிரியர் லக்ராஞ்ச் ஆளைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. அதன்பிறகு அவரே சோஃபிக்கு ஆதரவாக நின்றார்.

ஆனாலும் பயம் போகவில்லை. 1804-ல் ஜெர்மனியின் கணித மேதை காஸுக்குக் கடிதம் எழுதியபோதும் அதே ஆண் பெயர்தான். 1806-ல் நெப்போலியன் படை காஸ் இருந்த ஊரைப் பிடித்தது. அவருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று, குடும்பத்துக்குத் தெரிந்த தளபதியிடம் சோஃபி உதவி கேட்டார். அதில்தான் உண்மை வெளிவந்தது. காஸ் கோபப்படவில்லை, இத்தனை தடைகளைத் தாண்டி வந்திருக்கிறாரே என்று முன்பைவிட அதிகமாகவே பாராட்டினார்.

பரிசு உண்டு, இடம் இல்லை

அதிரும் தகடுகள் பற்றிய ஆய்வுக்காக 1816-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு, இந்த முறை சொந்தப் பெயரிலேயே கிடைத்தது. ஆனால் அதே கழகத்தின் கூட்டங்களில் உட்கார இன்னும் பல வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்திலும் அவர் முக்கியமான முன்னேற்றம் கண்டார்.

1831-ல் மார்பகப் புற்றுநோயால் 55 வயதில் இறந்தார். இறப்புப் பதிவில் அவரைக் கணித அறிஞர் என்று எழுதவில்லை. சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்றுதான் எழுதினார்கள். 1889-ல் திறந்த ஈஃபிள் கோபுரத்தில் 72 அறிஞர்கள், பொறியாளர்களின் பெயர்களைப் பொறித்தார்கள். அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை.

ஆனால் கணிதத்தில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. 11 ஒரு பகா எண். அதை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் 23, அதுவும் பகா எண். இப்படி அமையும் 11 போன்ற எண்களுக்குப் பெயர், சோஃபி ஜெர்மேன் பகா எண்கள்.